நிவேஸைக் கிண்டலடிக்க ஆள் தேவை

நாற்பத்தாறு வயதில் பட்டம் வாங்கப் போகிற ஒருத்திக்கு என்ன கவலை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆய்வுரை ஒழுங்காக வந்திருக்கிறதா, தேர்வுக் குழுவில் அந்தச் சிடுமூஞ்சிப் பேராசிரியர் வந்து உட்கார்ந்துவிடுவாரா, இப்படித்தானே? நிவேஸ் ஸ்கியாவோனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு ஒரே கவலைதான். தன்னை யாரும் கேவலமாகத் திட்ட மாட்டார்களோ என்ற கவலை.

சிரிக்காதீர்கள். இத்தாலியில், எங்கள் பதுவா ஊரில் பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது என்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு. உள்ளே ஐந்து பேர் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு கைகுலுக்கி அனுப்புவார்கள், அவ்வளவுதான். நிஜப் பட்டம் வெளியே தெருவில் இருக்கிறது. கூட்டாளிகள் ஆளுயரத்துக்கு மேல் ஒரு தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பப்பீரோ. மேலே பட்டதாரியின் படம், பெற்ற தாய் பார்க்கக்கூடாத கோலத்தில். கீழே அவன் பிறந்ததிலிருந்து இன்றுவரை செய்த அத்தனை கூத்தும் பாட்டாக. எத்தனை வயதுவரை படுக்கையை நனைத்தான், எந்தப் பரீட்சையில் காப்பி அடித்தான், எவள் இவனை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனாள், இனிமேல் என்ன உருப்படப் போகிறான், எல்லாம் இருக்கும். எழுதும்போது பட்டதாரி கண்ணில் காட்டவே மாட்டார்கள். தலையில் இலைக் கிரீடம், உடம்பில் ஏதோ ஒரு கோமாளி வேஷம், மேலெல்லாம் மாவும் முட்டையும் வழிய, அவனே முதல் தடவையாக அதைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். அப்பா அம்மா, பங்குச் சாமியார் எல்லாரும் எதிரே நிற்பார்கள். திக்கினால் குடி. ஒரு வரியைத் தாண்டினால் குடி. எவ்வளவு கேவலமாக எழுதியிருக்கிறார்களோ அவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாணவர் மெஸ்ஸில் பத்தொன்பது வருஷமாகப் பாஸ்தா பரிமாறுகிறவள் நிவேஸ். குட்டையான, பருத்த உருவம். கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நாற்பது பேர் நின்ற வரிசை நேராகிவிடும். ஒவ்வொரு ஜூலையிலும் மெஸ் வாசலில் நின்று எத்தனை பப்பீரோ கேட்டிருப்பாள்! கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். வீட்டுக்குப் போகும் வழியில், நமக்கு இப்படி எழுத யார் இருக்கிறார்கள் என்று அந்தச் சிரிப்பு அடங்கிப்போகும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு நேராகப் போய் வரலாற்றுத் துறையில் சேர்ந்துவிட்டாள். வரலாற்றின் மேல் ஆசை உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சுவர், அந்தத் தாள், அந்தத் திட்டு, அதன் மேல்தான் அவளுக்கு உயிர்.

கூடப் படித்தவர்கள் இரண்டு பேர். தோபியா என்று ஒரு நெட்டையன். அவன் வாய்க்கு ஊரே பயப்படும், பப்பீரோ எழுதுவதில் புலி. இன்னொருத்தி ஃபியம்மா, படம் போடுகிறவள். மூன்று மணிக்கு மெஸ் மூடியதும் மிச்சமிருக்கிற பாஸ்தாவை நடுவில் வைத்துக்கொண்டு மூவரும் படிப்பார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, ஒன்றைத் தவிர. இரண்டு பிள்ளைகளும் அவளை அம்மணி என்கிற மாதிரி "சின்யோரா, நீங்க" என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே வந்தால் எழுந்து நின்றார்கள். இவர்கள் எங்கே நிவேஸைத் திட்டப் போகிறார்கள்?

ஜூன் கடைசியில் ஒருநாள் சந்தையிலிருந்து பையோடு படி ஏறி வந்தவள், தன் வீட்டு அடுக்களையில் தோபியாவின் குரலும் ஃபியம்மாவின் குரலும் கேட்டு அப்படியே நின்றாள். பப்பீரோவுக்கு விஷயம் திரட்ட வந்திருக்கிறார்கள்! மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கதவில் வைத்தாள்.

"எங்கம்மாவைப் பத்தியா?" என்றது மகள் இலேனியாவின் குரல். "கிண்டல் பண்றதுக்கு ஒண்ணுமே இல்லையே. எங்கம்மா எந்தத் தப்பும் பண்ணினதில்ல."

"ஒரே ஒரு சின்ன அசிங்கம்கூடவா இல்ல?" தோபியா கெஞ்சினான். "போன வாரம் ஒரு பையனுக்கு எழுதினேன், முப்பத்தெட்டு அசிங்கம் கிடைச்சுது."

"நான் வயித்துல இருந்தப்ப எனக்காகப் படிப்பை விட்டாங்க. மூணாவது வருஷம். அவ்வளவுதான் அவங்க கதை. இதை எப்படிக் கிண்டல் பண்ணுவீங்க?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். அந்த இரண்டு தடிமாடுகளும் மரியாதைக்காக எழுந்து நின்றிருக்க வேண்டும். படியில் நின்ற நிவேஸுக்குக் கையிலிருந்த சுரைக்காய்ப் பை நழுவியது.

ஏனென்றால் அது பொய். படிப்பை விட்டது உண்மை. மகளுக்காக விட்டது பொய்.

நடந்தது இதுதான். இருபத்தொரு வயதில், ஒரு மார்ச் மாதக் காலையில், லத்தீன் வாய்மொழித் தேர்வுக்குப் போனாள். ஒரு எழுத்துப் படிக்கவில்லை. உள்ளே பேராசிரியர் "ஸ்கியாவோன்!" என்று பெயரைக் கூப்பிட்டதும் கால் தானாகக் கழிப்பறைப் பக்கம் ஓடியது. அங்கே பின்சந்துப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல். தலை போயிற்று, தோள் போயிற்று, இடுப்பு மட்டும் மாட்டேன் என்றது. முன்பாதி சந்தில், பின்பாதி கழிப்பறையில், இப்படியே முக்கால் மணி நேரம். பேராசிரியர், துறைத் தலைவர், பெருக்குகிறவர் எல்லாரும் பின்பாதியைப் பார்த்தார்கள். கடைசியில் தீயணைப்பு வண்டி வந்தது. எதிர் ஹோட்டலிலிருந்து ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் வாங்கி ஊற்றி, "வயித்தை எக்கும்மா, எக்கு" என்று இழுத்துப் போட்டவன் மொரேனோ தோனெல்லோ. வெளியே வந்து விழுந்தவள் அவன் மேல்தான் விழுந்தாள். அந்தக் கட்டடத்தை அப்புறம் அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மொரேனோவை மட்டும் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். அடுத்த ஜனவரியில் இலேனியா பிறந்தாள்.

முதலில் ஒருநாள் மாமியாரிடம் சமாளிக்கத்தான் "பிள்ளைக்காக விட்டேன்" என்று வாய்தவறிச் சொன்னாள். சொல்லிப் பார்த்தால் என்ன சுகமாக இருக்கிறது! அதற்கப்புறம் அதை எடுக்காத இடமில்லை. குழந்தை கீரை சாப்பிடாவிட்டால் அது வரும். பிடில் வகுப்புக்குப் போக மாட்டேன் என்று அழுதால் அது வரும். பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவனோடு சுற்றியபோது கண்ணீரோடு வந்தது. மொரேனோ ஒரு வார்த்தை பேசாத மனிதன். அறையை விட்டு மெல்ல எழுந்து போவான், அவ்வளவுதான்.

போன மாதம் போர்ச்சுகலில் போர்த்தோ நகரத்து மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து இலேனியாவுக்குக் கடிதம் வந்திருந்தது. செப்டம்பரில் வந்து சேரச் சொல்லி. பார்மசி படித்து முடித்துவிட்டு, ரயிலடிக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையில் இருமல் சிரப் விற்றுக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். கடிதம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது, பதில் போகவில்லை. நிவேஸ் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் விட்டாள். அதுவே போதும் என்று அவளுக்குத் தெரியும். உண்மை வெளியே வந்தால் மகள் பறந்துவிடுவாள் என்பதும் தெரியும்.

ஆக, சொல்லாமல் இருந்தால் மகள் பக்கத்திலேயே இருப்பாள், பப்பீரோ உப்புச்சப்பில்லாமல் போகும். அதனால் என்ன, போகட்டும் என்று முடிவு செய்தாள். முடிவு நாலு நாள் தாங்கியது.

ஐந்தாம் நாள் மெஸ் மேஜையில் தோபியா எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனபோது அவன் நோட்டு திறந்து கிடந்தது. பார்க்கக்கூடாதுதான். பார்த்தாள்.

அன்பே உருவான நிவேஸ் அம்மையார்,
ஆயிரம் பசி தீர்த்த அருமைக் கையார்,
மகளின் வாழ்வே பெரிதென்று எண்ணி
மணியான படிப்பைத் துறந்த மாண்பார்.

"டேய்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுப்படியில் ஒரு மூடி கீழே விழுந்தது. "என்னடா இது? நான் செத்துட்டேனா?"

தோபியா வெளிறிப்போனான். "சின்யோரா, நீங்க இதைப் பார்க்கக்கூடாது..."

"அடியில ரெண்டு தேதியைப் போடு, நேரா கொண்டுபோய்க் கல்லறையில பதிச்சிடலாம்! இதுக்காடா நான் ஆறு வருஷம் படிச்சேன்?"

"வேற ஒண்ணும் கிடைக்கல சின்யோரா," என்றாள் ஃபியம்மா பரிதாபமாக. "நானும் உங்க தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம்தான் வரைஞ்சு வச்சிருக்கேன்."

ஒளிவட்டம்! நிவேஸ் தன் பழைய தப்புகளை அவிழ்த்துப் பார்த்தாள். சின்ன வயதில் கோழி திருடினேன் என்றாள். இருவரும் "பாவம், அப்ப வறுமையா?" என்றார்கள். சாமியாரை நாய் என்று திட்டினேன் என்றாள். "அவர் என்ன பண்ணினாரோ" என்றார்கள். தியாகி என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் கொலையே செய்தாலும் காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

"உட்காருங்கடா ரெண்டு பேரும்," என்றாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னல் கதையை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். எண்ணெய் எத்தனை லிட்டர் என்பது உட்பட.

அப்புறம் தோபியா தலையை மேஜையில் வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நிமிர்ந்தபோது அவன் வாயில் சின்யோரா இல்லை. "அடிப்பாவி!" என்றான். "இவ்வளவு பெரிய பொக்கிஷத்தை உள்ள வச்சுக்கிட்டா எங்களைத் தெருத்தெருவா அலைய விட்டே?"

நிவேஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜில் அந்தக் கடிதத்தைப் பார்க்கும்வரை குளிர்ந்தே இருந்தது.

பட்டத்துக்கு முந்தின நாள் தோபியாவுக்குப் போன் போட்டாள். "அந்த ஜன்னல் பாட்டை எடுத்துடுடா. உனக்குப் புண்ணியமா போகும்."

"அச்சாகி வந்தாச்சு. ரெண்டரை மீட்டர்."

"கத்தரிச்சிடு."

"நடுவுல இருக்கு நிவேஸ். கத்தரிச்சா உன் படத்துல இடுப்பே இருக்காது."

மொரேனோ பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். "அதைச் சொல்லிட்டியா?" என்றான். அவள் தலையாட்டினாள். அவன் நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு, "ம்" என்றான்.

மறுநாள் உள்ளே நடந்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் ஆய்வுரை, நானூறு வருஷத்துக்கு முந்தைய மடத்து அடுக்களைகளைப் பற்றியது. உப்புக் கருவாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள், பதினோரு நிமிஷம் பேசினாள். சிடுமூஞ்சிப் பேராசிரியரே குறிப்பெடுத்துக்கொண்டார். நூற்றுப்பத்துக்கு நூற்றிரண்டு மதிப்பெண். எங்கள் ஊரில் பட்டம் வாங்கினவர்கள் எல்லாரும் டாக்டர்தான், ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை. டாக்டர் நிவேஸ் வெளியே வந்தாள். வந்ததும் வராததுமாக ஃபியம்மா அவளுக்குக் கோழி வேஷத்தை மாட்டிவிட்டாள். தலையில் இலைக் கிரீடம் ஏறியது. மாவு வந்தது, முட்டை வந்தது. மெஸ்காரர்கள் பத்தொன்பது வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து வைத்து வீசினார்கள். சுவரில் அந்த ரெண்டரை மீட்டர் தாள். அதில் ஒரு ஜன்னல், ஜன்னல் நிறைய நிவேஸின் பின்பாதி.

எதிரே முதல் வரிசையில் மொரேனோ. பக்கத்தில் இலேனியா, போனில் படம் பிடித்துக்கொண்டு. "என்னம்மா ஜன்னல் இது?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"படி டாக்டர், படி!" என்று கூட்டம் கத்தியது. நிவேஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

பாஸ்தாவைக் குழைப்பதிலே பட்டம் முன்பே வாங்கியவள்,
பாடத்தைத் திறந்துவைத்தால் முதல் வரியில் தூங்கியவள்!

ஆஹா, என்ன திட்டு! ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் ஊளையிட்டது. மெஸ்ஸில் தோழி ஒருத்திக்கு உப்புக்குப் பதில் சர்க்கரையை மாற்றி வைத்தது, பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல் மாட்டிக்கொண்டு ஜெர்மன்காரி மாதிரி நடித்தது, எல்லாம் வந்தது. நிவேஸ் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அடுத்து அந்த ஜன்னல் பாட்டு கண்ணில் பட்டது. ஒரே தாவலாகத் தாவிக் கடைசிப் பகுதிக்குப் போனாள்.

"தாண்டிட்டா! குடி, குடி!"

குடித்தாள். மலிவு ஒயின், தொண்டை எரிந்தது. மறுபடி தாண்டினாள். மறுபடி குடி. மூன்றாம் தடவை டம்ளர் வாய்க்குப் போனபோது மொரேனோ வாயைத் திறந்தான்.

"படிச்சிடும்மா. இன்னொண்ணு உள்ள போனா அப்புறம் உன்னைத் தூக்கிட்டுப் போறதும் நான்தான்."

நிவேஸ் மகளைப் பார்க்கவில்லை. தாளை மட்டும் பார்த்து, மெஸ்ஸில் கூவுகிற குரலில் படித்தாள்.

லத்தீன் வாத்தியார் கூப்பிட்டார், "ஸ்கியாவோன் எங்கே?"
லாவகமாய் ஓடினாள் கழிப்பறை அங்கே!
தலையும் தோளும் ஜன்னல் தாண்டிச் சந்துக்குப் போச்சு,
தள்ளியும் நகராத இடுப்பாலே மானம் போச்சு!
தீயே இல்லாமல் தீயணைப்பு வண்டி வந்தது,
தெருவிலே ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் செலவானது.
பிள்ளைக்காகப் படிப்பை விட்டேன் என்றாயே தாயே,
பிள்ளையின் அப்பனையே அன்றுதான் பார்த்தாய், பொய்யே!

கூட்டம் சிரித்து உருண்டது. இலேனியா சிரிக்கவில்லை. போனைக் கீழே இறக்கினாள்.

"கடைசி ரெண்டு வரியை இன்னொரு தடவை படி," என்றாள்.

படித்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப என்னால நீ படிப்பை விடல."

"இல்லடி."

"நீ விட்டதாலதான் நான் பொறந்திருக்கேன்."

"கணக்குப் பார்த்தா... ஆமா." கோழி இறக்கையால் நிவேஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பரீட்சையில மட்டும் நான் பாஸாகியிருந்தா நீ இல்லவே இல்ல."

"கீரைக்கு அதைச் சொன்னே. பிடிலுக்கு அதைச் சொன்னே. கடுதாசி வந்தப்ப ஒண்ணும் சொல்லாம மூச்சு விட்டியே, அதுவும் அதுதானே?"

"அதுவும் அதுதான்."

இலேனியா அப்பாவைப் பார்த்தாள். மொரேனோ எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழப்போகிறாளா அடிக்கப்போகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணீர் வழிய ஒரு சிரிப்பு. "ஒரு லிட்டரா!" என்றாள். "ஒரு லிட்டர் எண்ணெய்யா!" அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் போறேம்மா. இன்னைக்கே பதில் போட்டுடறேன்."

"எப்ப கிளம்பணும்?"

"செப்டம்பர் ஒண்ணாந்தேதி அங்க இருக்கணும்."

"போகணும்னு இருந்தா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ இருபத்திநாலு வருஷம் எடுத்துக்கிட்டே. எனக்கு ஒரு மாசம் ஆச்சு, அது பெருசா?"

நிவேஸ் அழுதாள். மறைக்கவெல்லாம் இல்லை, வாய்விட்டே அழுதாள். மாவும் முட்டையும் கண்ணீரும் சேர்ந்து முகமெல்லாம் பிசினாக ஒட்டியது. கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. தோபியா கையிலிருந்த ஒயின் பாட்டிலை மெல்லக் கீழே வைத்தான். "போதும் சின்யோரா," என்றான் பழைய மரியாதைக் குரலில். "நீங்க உட்காருங்க. மிச்சத்தை நாங்க படிச்சுக்கறோம்."

நிவேஸ் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுத் தாள் பக்கம் திரும்பினாள். இனி எதிர்காலப் பகுதி. அவள் பள்ளிக்கூட வாத்தியாராகப் போகிறாளாம், வகுப்பில் தூங்குகிற பிள்ளைகளுக்குப் பாஸ்தாத் தண்ணீரைத் தெளிப்பாளாம். இன்னும் என்னென்னவோ எழுதியிருந்தான் அந்தப் பாவி. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. தட்டுத் தடுமாறி முதல் வரியைப் படித்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் கண்ணில் படாமல் நழுவி, நாலாவதைப் படித்தாள். பாவம், யாரும் எதுவும் சொல்லவில்லை.

"ரெண்டு வரி தாண்டிட்டா!" என்று முதல் வரிசையிலிருந்து இலேனியா கத்தினாள். "என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? ஊத்துங்கடா அந்தப் பொய்க்காரிக்கு!"